"அண்ணை றைற்": ஒரு குரலும் அதைக் கேட்ட நாமும்

ஈழத்து இலக்கிய வரலாறு என்று எழுதப்பட்ட நூல்களில் எதையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மறுமலர்ச்சி இருக்கும், முற்போக்கு இருக்கும், நற்போக்கு இருக்கும், மண்வாசனை பற்றிய வாதப்பிரதிவாதங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். சிரிப்பு மட்டும் இருக்காது. பகிடி விடுகிறவனைச் சபையில் முன்வரிசையில் இருத்தக்கூடாது என்ற ஊர்ப் பெரியவர்களின் மனோபாவம் நமது விமர்சகர்களிடமும் குடிகொண்டிருந்தது போலும். வானொலிக்கும் அதே கதிதான். அச்சில் வராதது இலக்கியமல்ல என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஆகவே வானொலியிலிருந்து சிரிக்கவைத்த ஒருவருக்கு இரட்டைத் தண்டனை.

கே. எஸ். பாலச்சந்திரன் 2014 பெப்ரவரி 26ந் திகதி ரொறன்ரோவில் காலமானபோது அஞ்சலிக் குறிப்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை 'எங்களையெல்லாம் சிரிக்கவைத்தவர்' என்று தொடங்கி ஆத்மசாந்திப் பிரார்த்தனையோடு முடிந்தன. எதைக்கொண்டு சிரிக்கவைத்தார், யாரைப் பார்த்துச் சிரித்தோம், அந்தச் சிரிப்புக்குள் என்ன கிடந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட நிலையில், கண்ணீரின் ஈரம் காய்ந்திருக்கும் இப்போதாவது அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாழ்க்கைக் குறிப்பை நீட்ட விரும்பவில்லை. 1944 ஜூலை 10இல் வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தவர். வானொலி, மேடை, தொலைக்காட்சி, சினிமா எல்லாவற்றிலும் நடித்தவர், எழுதியவர். சில்லையூர் செல்வராசன் திரைப்படத்துக்கென எழுதிய 'தணியாத தாகம்' படமாகாமல் வானொலித் தொடரானபோது அதில் சோமுவாகக் குரல் கொடுத்தவர் இவர்தான். 'வாத்தியார் வீட்டில்', 'கிராமத்துக் கனவுகள்' என்ற தொடர்களும் இவர் பெயரோடு சேர்ந்தவை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் விருத்தாசலமாக வந்தவர். ஆயினும் புலம்பெயர்ந்த நாடொன்றில் நாலு பேர் கூடும் இடத்தில் இவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பதிலாக இரண்டே சொற்கள் வரும்: அண்ணை றைற்.

அந்த இரண்டு சொற்களுக்கு வருவதற்குமுன் சற்றுப் பின்னே போகவேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் 'இழிசனர் வழக்கு' என்றொரு பெரும் சண்டை நடந்தது நமது வாசகர்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கதைகளில் பேச்சுத்தமிழை எழுதலாமா, எழுதினால் தமிழ் கெட்டுவிடாதா என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். முற்போக்காளர்கள் மண்வாசனை என்று பதில் சொன்னார்கள். இந்தச் சண்டை பத்திரிகைப் பக்கங்களில் நடந்துகொண்டிருந்த வேளையில், வானொலிக்காரர்கள் அந்த விடயத்தை ஏற்கெனவே முடித்துவைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 'சானா' என்ற சண்முகநாதன் தயாரித்த நாடகங்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சு கூச்சமின்றி ஒலித்தது. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', சானாவின் 'லண்டன் கந்தையா' இரண்டும் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டவை. 'விதானையார் வீட்டில்' நாடகத்தில் விதானையாராகக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? பின்னாளில் பேராசிரியரும் நமது தலையாய மார்க்சிய விமர்சகருமான கா. சிவத்தம்பி. அவரும் கரவெட்டிதான். ஈழத்து விமர்சனம் சிரிக்கத் தெரியாமல் இருந்தது என்று சொல்வது ஆகவே முழு உண்மையல்ல. ஒலிவாங்கியின் முன் சிரித்துவிட்டு மேசைக்கு வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டது என்று சொல்லலாம்.

பாலச்சந்திரனின் 'வாத்தியார் வீட்டில்' என்ற தலைப்பே அந்தப் பழைய விதானையார் வீட்டுக்குச் செய்த நமஸ்காரம்போல் எனக்குப் படுகிறது. விதானையார் அதிகாரத்தின் ஆள். வாத்தியார் படிப்பின் ஆள். ஒரு தலைமுறைக்குள் ஊரில் யாருடைய வீட்டு விறாந்தை முக்கியமாகிவிட்டது என்பதை இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் வைத்தாலே அறியலாம். இதைச் சொல்ல சமூகவியல் பேராசிரியர் ஒருவருக்கு நூறு பக்கம் தேவைப்பட்டிருக்கும்.

அதே எழுபதுகளில் கொழும்பிலிருந்து இன்னொரு சிரிப்பும் ஒலித்தது. எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்'. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. இந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசியுங்கள். முஸ்லிம் அல்லாதவர் மரிக்கார், தமிழர் ஒருவர் சிங்கள உபாலி, முஸ்லிம் ஒருவர் ஐயர். வானொலியில் முகம் தெரியாது என்பதால் மட்டும் இது சாத்தியமாகவில்லை. ஒருவரின் பேச்சை இன்னொருவர் வாயில் போட்டுக்கொள்ளலாம், அதற்காக யாரும் கத்தி தூக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தபடியால் சாத்தியமாயிற்று. 1983க்குப் பிறகு அந்த நம்பிக்கை எங்கே போனது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

கொழும்புச் சிரிப்பு பல மொழிவழக்குகள் மோதிக்கொள்வதால் பிறந்தது. பாலச்சந்திரனுடையது வேறு. அவர் ஒரே வழக்குக்குள் நின்றார். வெளியாள் ஒருவருக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கும். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு ஒரு 'ஓம்' எத்தனை விதம் என்று தெரியும். உத்தியோகத்தர் சொல்லும் ஓம் ஒன்று, கடன் கேட்டு வந்தவனுக்குச் சொல்லும் ஓம் இன்னொன்று, மருமகளுக்கு மாமியார் இழுத்துச் சொல்லும் ஓம் மூன்றாவது. அவருடைய காது இந்த வேறுபாடுகளில்தான் வேலை செய்தது. டிங்கிரி–சிவகுரு, சக்கடத்தார் போன்றவர்களின் மேடைச் சிரிப்பு உடலையும் முகத்தையும் நம்பியிருந்தது, 'வரணியூரான்' எஸ். எஸ். கணேசபிள்ளையின் 'புளுகர் பொன்னையா' கதையை நம்பியிருந்தது. பாலச்சந்திரனின் தனிநடிப்பை இருட்டறைக்குள் கேட்டாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. வானொலி அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அதுவென்று நினைக்கிறேன்.

இனி பஸ்ஸுக்கு வருவோம்.

'அண்ணை றைற்' ஒரு தனிநடிப்பு. ஒருவர்தான் பேசுகிறார், பஸ் நிரம்பி வழிகிறது. மினிபஸ்கள் தலையெடுப்பதற்கு முந்திய காலத்துச் சிவப்பு பஸ், அதன் கொண்டக்டர். ஏறுகிறவர்களை அடுக்குவதும் இறங்குகிறவர்களை அவசரப்படுத்துவதும் அவன் தொழில். றைவருக்கு அவன் கொடுக்கும் உத்தரவுதான் தலைப்பு. 'அண்ணை' என்ற மரியாதைச் சொல்லும் 'றைற்' என்ற வெள்ளைக்காரச் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டளையாகிவிடுகிறது. இப்படியொரு கட்டளையை எந்த அகராதியும் தந்திருக்காது, தெருதான் தந்தது.

இதை நாம் எல்லோரும் ஊர் ஞாபகமாகக் கேட்டோம். தவறில்லை. ஆனால் ஊர் ஞாபகமாக மட்டும் கேட்கும்போது ஒன்று தவறிப்போகிறது. அந்த பஸ் எப்படிப்பட்ட இடம்? யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பஸ்ஸில் ஆசனத்தில் அமரத் தடை இருந்த காலம் ஒன்று இருந்தது. தாத்தா பாட்டிமாரைக் கேளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்வார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1958 ஜனவரியில் தனியார் பஸ் கம்பெனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சட்டம் வந்தவுடன் சாதி பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது என்று சொல்ல நான் அப்பாவியல்ல. தேத்தண்ணிக் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் அறுபதுகளின் பிற்பகுதியில்கூட அடிபாடுகள் நடந்தன. ஆனால் யாருடைய உடல் யாருடைய உடலோடு முட்டலாம் என்று வேலியும் படலையும் கட்டி வைத்திருந்த ஒரு சமூகத்தில், பத்துச் சதத்துக்கோ இருபத்தைந்து சதத்துக்கோ ரிக்கற் எடுத்தவர்களை ஒரே தகரப்பெட்டிக்குள் நெரித்து அடைத்த இடம் அந்த பஸ்தான். அங்கே எல்லோரையும் ஒரே குரலில் 'தள்ளி நில்' என்று சொல்ல அதிகாரம் பெற்றவன் கொண்டக்டர். படிப்பில்லை, பெரிய சம்பளமில்லை, தோளில் ஒரு தோல்பை. அப்புக்காத்தரும் அவனுடைய சொல்லுக்கு நகரத்தான் வேண்டும்.

சிரிப்பு பிறக்கும் இடம் இதுதான் என்பது என் வாசிப்பு. சின்ன அதிகாரம் ஒன்று தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறது, பெரிய மனிதர்கள் சில மைல் தூரத்துக்குச் சின்னவர்களாகிவிடுகிறார்கள். பாலச்சந்திரன் கொண்டக்டரைப் பார்த்துச் சிரிக்கிறாரா, கொண்டக்டரோடு சேர்ந்து பயணிகளைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று தீர்மானிக்க முடியாமல் இருப்பதில்தான் அந்த உருப்படியின் உயிர் இருக்கிறது. தீர்மானித்துவிட்டிருந்தால் அது பிரசாரமாகவோ கேலியாகவோ போயிருக்கும். அவருடைய வேறு சில உருப்படிகளில் இந்தத் தராசு ஒரு பக்கம் சாய்வதுண்டு. குறிப்பாகப் பெண்குரல்களைப் போலச் செய்யுமிடங்களில் சிரிப்பு மலிந்துவிடுகிறது. மூக்கால் பேசும் மனைவியும் கீச்சிடும் கிழவியும் நமது மேடைச் சிரிப்பின் பரம்பரைச் சொத்து. அதை அவரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். இதைச் சொன்னால் அவர் புகழுக்கு மாசு வந்துவிடாது.

டென்மார்க்கில் நாங்கள் இதைக் கேட்ட விதத்தையும் சொல்லவேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் வந்திறங்கியவர்களில் அநேகர் தனித்த ஆண்கள். செஞ்சிலுவைச் சங்க முகாம்களிலிருந்து ஜுட்லான்டின் சின்னச் சின்ன நகரங்களுக்குச் சிதறடிக்கப்பட்டோம். 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டவிரோதமாக நிறுத்திவைத்தார். மனைவி பிள்ளைகள் கொழும்பிலோ வன்னியிலோ, நாங்கள் இங்கே. அந்த விவகாரம் 1993 ஜனவரியில் ஷ்லூற்றரின் அரசாங்கத்தையே வீழ்த்தியது, 1995இல் முன்னாள் அமைச்சருக்கு நாலு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் கிடைத்தது என்பதெல்லாம் டெனிஷ் அரசியல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காத்திருப்பின் மாலைநேரங்களில் என்ன ஒலித்தது என்பது பதிவாகவில்லை. என் அறையில் 'அண்ணை றைற்' ஒலித்தது. பிரதிக்குப் பிரதி எடுத்த கஸெற். மூலக்குரலைவிட இரைச்சல் அதிகம். மூன்று பேர் கட்டிலில் இருந்து, அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே, வருமுன்பே சிரித்தோம். பகிடியாக அதைக் கேட்ட காலம் அப்போதே முடிந்துவிட்டிருந்தது. நெரிசலுக்காகக் கேட்டோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வெளியே ஓடிய பஸ்ஸில் ஒரு ஆசனத்துக்கு ஒருவர் வீதம் யன்னலைப் பார்த்தபடி மௌனமாக இருந்தார்கள். காலியாக இருந்த பக்கத்து ஆசனத்தில் வந்து உட்காருவது மரியாதைக் குறைவோ என்று நாங்கள் பயந்தோம்.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள், பிறந்தார்கள். இங்கே ரயிலில் ரிக்கற் பார்ப்பவரைக் 'கொண்டுக்தோர்' என்பார்கள். சொல் கிட்டத்தட்ட அதேதான். சீருடை, புன்னகை, நன்றி. ஒருநாள் கஸெற்றைக் கேட்டுவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த மாமா ஏன் எல்லாரையும் ஏசுறார்? அவையள் காசு குடுத்தவைதானே?" எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை என்றில்லை. விளக்கினால் சிரிப்பு செத்துவிடும், விளக்காவிட்டால் ஊர் செத்துவிடும். ஆனாலும் அவளுடைய கேள்வி சரியான கேள்வி. பரவசமில்லாத ஒரு காதுக்குத்தான் அதிலிருக்கும் அதிகாரம் முதலில் கேட்டது.

இந்த நாடு சிரிக்கவைத்தவர்களை எப்படி வைத்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளரும் மேடை நகைச்சுவையாளருமான ஸ்டோர்ம் பி. 1949இல் இறந்தார். 1977இல் கொப்பன்ஹேகனை ஒட்டிய பிரெடெரிக்ஸ்பேர்கில் அவருக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் அல்ல, பகிடிக்காரருக்கு. நாங்கள் சிலை வைக்கும் வழக்கத்தை இங்கே நான் பட்டியலிடப் போவதில்லை.

இன்னும் பொருத்தமானவர் விக்ரர் போர்க. 1909இல் கொப்பன்ஹேகனில் யூதக் குடும்பத்தில் போர்க ரோசன்பௌம் என்று பிறந்தவர், பியானோக் கலைஞர், ஹிட்லரைக் கிண்டலடித்தவர். 1940 ஏப்ரலில் ஜேர்மன் படைகள் டென்மார்க்குக்குள் நுழைந்தபோது சுவீடனில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பின்லாந்து வழியாகக் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது; சினிமாக் கொட்டகையில் திரும்பத் திரும்பப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். ஓரிரு வருடத்தில் அமெரிக்க வானொலியில் பிரபலமாகிவிட்டார். அவருடைய பிரசித்தமான உருப்படி எது? வசனத்தின் காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் வாயால் ஒரு ஓசை கொடுத்து வாசிப்பது. அந்நிய மொழியில் திக்கித் திணறும் அகதிக்குத்தான் புள்ளிகள் அவ்வளவு பெரிதாகத் தெரியும். தன் அந்நியத்தையே அவர் முதலாக்கினார்.

பாலச்சந்திரன் கனடாவுக்குப் போனபோது இளைஞரல்ல. போர்க செய்ததை அவரால் செய்திருக்க முடியாது. செய்யவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கேட்க ஆட்கள் இருந்தார்கள். ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தை நிரப்பும் அளவு யாழ்ப்பாணத்துக் காதுகள் குடியேறியிருந்தன. இது வரமா சாபமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மொழி மாறவேண்டியிருக்காத கலைஞனிடம் கூட்டம் பழையதையே கேட்கும். 'அண்ணை றைற்' சொல்லுங்கோ, இன்னொருக்கால் சொல்லுங்கோ. ஓடாத ஒரு பஸ்ஸுக்கு அவர் தொடர்ந்து 'றைற்' கொடுக்கவேண்டியதாயிற்று. ரொறன்ரோவின் நிலக்கீழ் ரயிலிலும் தொழிற்சாலை இரவுவேலையிலும் கேட்கும் நம் புதிய தமிழ் எப்படி ஒலிக்கிறது என்று அந்தக் காது குறித்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று ஏங்குகிறேன். கலைஞனை விடக் கேட்டவர்களாகிய நாம்தான் இதற்குக் கூடுதல் பொறுப்பு.

அதற்காக அவர் அங்கே சும்மா இருந்தார் என்றில்லை. புலம்பெயர் தமிழ்ப் படங்களில் நடித்தார், லெனின் எம். சிவத்தின் '1999' அவற்றிலொன்று. 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்ற நாவலைக் கடலோர மக்களைப் பற்றி எழுதினார். 'நேற்றுப் போல இருக்கிறது' என்று நினைவுகளைத் தொகுத்தார். நாவலில் என்னைக் கவர்ந்தது உரையாடல். ஆட்கள் பேசத் தொடங்கியதும் பக்கம் உயிர்த்துவிடுகிறது, ஆசிரியர் விவரிக்கத் தொடங்கியதும் சற்றுச் சோர்கிறது. வாழ்நாள் முழுவதும் குரலுக்காக எழுதியவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? நினைவு நூல் வேறு வகையில் முக்கியமானது. யார் எந்தத் தொடரில் நடித்தார்கள், எந்தக் கலையகத்தில் என்ன நடந்தது என்பதற்கு இதுபோன்ற நூல்களை விட்டால் நமக்கு வேறு கதி அதிகமில்லை. வானொலி நாடகம் ஒருதரம் காற்றில் போய்விட்டால் போனதுதான். நாடாவை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவுசெய்வது உலகத்தின் பல வானொலி நிலையங்களில் இருந்த வழக்கம்.

எஞ்சியிருப்பது நமது வீடுகளில் இருப்பவைதான். வானொலிப் பெட்டிக்கு முன்னால் கஸெற் றெக்கோடரை வைத்து, எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிப் பதிவு செய்தவை. சில மாதங்களுக்கு முன் இங்குள்ள சங்கமொன்று தன் அறையை ஒதுக்கியபோது மூன்று பெட்டி கஸெற்றுகள் கழிவு நிலையத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவற்றில் பாதி சினிமாப் பாட்டாக இருந்திருக்கும். மற்றப் பாதி என்னவென்று பார்ப்பதற்கு அங்கே கஸெற் போடும் பெட்டி இருக்கவில்லையாம்.

2005இலிருந்து நூலகம் நிறுவனத்தினர் ஈழத்து அச்சுப் பிரதிகளை மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள், ஒலிப்பதிவுகளையும் ஏற்கிறார்கள். அனுப்ப நினைப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். கஸெற்றின் உறையில் பேனாவால் எழுதியிருப்பதையும் படமெடுத்துச் சேருங்கள். திகதி அங்கேதான் இருக்கும். பதிவின் நடுவே நாய் குரைத்தால், பிள்ளை அழுதால், யாரோ 'உதைக் குறையுங்கோ' என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டால், அவற்றை வெட்டிவிடாமல் அப்படியே அனுப்புங்கள்.